கருவண்டு விட்டத்தில் துளை போடுகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுப் பின்தாழ்வாரம் ஓடு வேய்ந்தது; பனங்கை போட்ட கூரை. அதில் கருவண்டு குடியேறிப் பல வருஷமாகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு ஏதாவது கேட்காமல் போவதில்லை. அவர்கள் கேட்டதையும், ஊரிலிருந்து சித்தி போன் போட்டுக் கேட்டதையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் அந்த வண்டின் கட்சி.

முதலில், அது வண்டா, தேனீயா?

தேனீ. நம் பேச்சில் பூவில் ரீங்காரமிடுவதும் வண்டு, அரிசியில் விழுவதும் வண்டு, எருக்குழியில் கிடப்பதும் வண்டு. பழைய வழக்கில் வண்டு என்றால் பெரும்பாலும் தேனுண்ணும் பூச்சிதான், ஆகவே பெயரில் தப்பில்லை. ஆனால் அரிசி வண்டின் சாதியில் இதைச் சேர்க்க முடியாது. அந்த வண்டுகளுக்கு முதுகில் கெட்டியான ஓடு போல மேலிறகு மூடியிருக்கும். கருவண்டுக்கு நான்கு மெல்லிய இறகுகள். வெயில் பட்டால் நீலமும் ஊதாவுமாக மின்னும். காலில் முடி, உறிஞ்ச நாக்கு, பெண்ணுக்குக் கொடுக்கு என்று எல்லாம் தேனீக்கு உரியவை.

இதன் பேரினத்துக்கு சைலோகோபா என்று பெயர். கிரேக்கத்தில் 'மரம் வெட்டி' என்று பொருள். இந்தப் பெயரை 1802-ல் வைத்தவர் லத்ரேய் என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர். உலகம் முழுக்க 400-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. தமிழில் சிலர் 'தச்சுத் தேனீ' என்று எழுதுகிறார்கள். பொருத்தமான பெயர்தான், ஆனாலும் எனக்கு வாயில் வருவது கருவண்டுதான்.

கதண்டு என்கிறார்களே, அதுவா இது? கொட்டினால் ஆள் செத்துவிடுமா?

இல்லை, இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் பாவம் இவை நிறைய அடிபட்டுச் சாகின்றன. கதண்டு என்பது குளவி. நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டில் வாழும். கூட்டைக் கலைத்தால் படையாகத் திரண்டு வந்து கொட்டும். அதில் உயிர் போனவர்கள் உண்டு. கூடு தெரிந்தால் தீயணைப்புத் துறைக்குச் சொல்வதுதான் சரி.

கருவண்டுக்குப் படை கிடையாது. ஒரு துளை, ஒரு தாய். அவளுக்குக் கொடுக்கு உண்டு, கொட்டினால் நன்றாகவே வலிக்கும். ஆனால் கையில் பிடித்து நசுக்கினாலோ, துளைக்குள் குச்சி விட்டுக் குடைந்தாலோ தவிர அவள் உங்களைக் கொட்ட வருவதில்லை. எந்தத் தேனீ கொட்டினாலும் சிலருக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டும். அப்படிப்பட்டவர்கள் எட்டி நிற்பது நல்லது.

அப்படியானால் முகத்துக்கு நேரே வந்து முறைத்துப் பார்ப்பது எது?

ஆண். துளைக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, உள்ளே வரும் எதையும் விரட்டும். இன்னொரு ஆணை, குருவியை, நீங்கள் எறிந்த கூழாங்கல்லைக்கூட விரட்டிக்கொண்டு போகும். உங்கள் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்று 'உர்ர்' என்று மிரட்டும். ஆனால் அதற்குக் கொடுக்கே கிடையாது. தேனீக்களில் கொடுக்கு பெண்ணுக்கு மட்டும்தான், முட்டையிடும் உறுப்பு மாறி வந்தது அது. ஆகவே அந்த வீராப்பெல்லாம் வெறும் சத்தம். சித்தப்பா ஒருவரை எனக்கு நினைவுபடுத்தும், பெயர் வேண்டாம்.

சில வகைகளில் ஆணும் பெண்ணும் வேறு வேறு பூச்சி என்றே தோன்றும். நம் பக்கம் சாதாரணமாகக் காணும் ஒரு வகையில், பெண்ணுக்கு மார்பு மட்டும் மஞ்சள் சால்வை போர்த்தியது போலிருக்கும், மற்றதெல்லாம் கறுப்பு. ஆணோ முழுக்கப் பசுமஞ்சள். "மஞ்சள் வண்டு ஒன்று கருவண்டை விரட்டுகிறது, சண்டை போடுகிறது" என்று சொல்பவர்கள் பார்த்தது பெரும்பாலும் கல்யாணக் கதையைத்தான்.

மரத்தைத் தின்கிறதா?

தின்பதில்லை. இதன் சாப்பாடு தேனும் மகரந்தமும் மட்டுமே. மரத்தைத் தாடையால் சுரண்டிச் சுரண்டி எடுத்து, தூளைப் பின்காலால் வெளியே தள்ளிவிடும். துளைக்கு நேர் கீழே தரையில் மஞ்சளாக மரத்தூள் குவிந்திருந்தால் மேலே வேலை நடக்கிறது என்று அர்த்தம். அமைதியான மத்தியானத்தில் காது கொடுத்தால் 'கறுக் கறுக்' என்று கேட்கும். கர்ணன் தொடையை வண்டு துளைத்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தச் சத்தம் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். உண்மையில் இது ஆசாரி வேலை. ஒரு நாளைக்கு ஒரு விரற்கடைகூடப் போகாது, அவ்வளவு மெதுவான வேலை.

உள்ளே எப்படி இருக்கும்?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஒரு தடவை முறிந்து விழுந்த காய்ந்த முருங்கைக் கிளையைப் பிளந்து பார்த்தேன். பழைய கூடு, ஆளில்லை. அன்றிலிருந்து எனக்கு இந்தப் பூச்சிமேல் பைத்தியம்.

வாசல் அச்சு வைத்து வெட்டியது போல வட்டமாக இருக்கும்; சுண்டுவிரல் நுழையும் அளவு, பெரிய வகைகளுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். கொஞ்ச தூரம் நேராக உள்ளே போய், அப்புறம் சட்டென்று திரும்பி மரத்தின் நார் ஓடும் திசையிலேயே நீளும். நாருக்குக் குறுக்கே வெட்டுவது கஷ்டம், நாரோடு போவது சுலபம் என்பது ஆசாரிக்கும் தெரியும், இதற்கும் தெரியும். சுரங்கம் ஒரு சாண் நீளம் இருக்கும். வருஷக்கணக்கில் புழங்கும் கூடாக இருந்தால் கிளைகள் விட்டு இன்னும் நீளமாகப் போகும்.

சுரங்கத்தின் கடைக்கோடியில் தாய் முதல் அறையை அமைக்கிறாள். பூப்பூவாய்ப் போய் மகரந்தம் கொண்டுவந்து, தேனைக் கலந்து பிசைந்து, மொச்சைக்கொட்டை போல ஓர் உருண்டை பிடித்து வைக்கிறாள். அதன்மேல் ஒரே ஒரு முட்டை. அந்த முட்டையைப் பார்க்க வேண்டுமே! லேசாக வளைந்து, வெள்ளையாக, பெரிய வகைகளில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீளம், நெல்மணியைவிடப் பெரிது. பூச்சி உலகத்தின் மிகப் பெரிய முட்டைகளில் கருவண்டு இனத்துடையவையும் சேரும்.

முட்டை வைத்ததும் மரத்தூளை எச்சிலில் குழைத்து ஒரு தடுப்புச் சுவர் எழுப்புகிறாள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றிக் கட்டுவதால் சுவரின் ஒரு பக்கம் சுருள் கோலம் போலத் தெரியும். நான் பிளந்த கிளையில் அந்தக் கோலம் அப்படியே இருந்தது. பிறகு அடுத்த உருண்டை, அடுத்த முட்டை, அடுத்த சுவர். இப்படி வரிசையாக ஐந்தாறு அறை, அதிகம் போனால் எட்டு. ரயில் பெட்டி மாதிரி.

இவ்வளவு பெரிய முட்டை, இவ்வளவு குறைந்த எண்ணிக்கை. கொம்புத்தேன் கூட்டின் ராணியைப் போல ஆயிரக்கணக்கில் இட்டுத் தள்ளும் சங்கதி இங்கே இல்லை. ஒரு கருவண்டைத் துடைப்பத்தால் அடித்துக் கொன்றால், அந்தப் பக்கத்துக் கருவண்டுக் கணக்கில் அது நிஜமாகவே ஒரு நஷ்டம்.

குஞ்சு வெளியே வர எத்தனை நாள்?

முட்டை பொரித்து, புழு அந்த உருண்டையைத் தின்று தீர்த்து, கூட்டுப்புழுவாகி, இறகு முளைக்க ஏறக்குறைய ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதம் வரை ஆகும். வகையையும் வெயிலையும் பொறுத்துக் கூடும், குறையும். நம்முடைய வெப்பத்தில் வருஷத்தில் ஒரு தலைமுறைக்கு மேலேயே வரும்.

வெளியே வர நினைக்கும் குஞ்சு, தாய் கட்டிய சுவரைக் கடித்துத் திறக்கிறது. ஆனால் உடனே பறந்துவிடுவதில்லை. சில நாளோ சில வாரமோ கூட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும். அம்மா வெளியே போய்த் தேன் குடித்து வந்து வாயால் ஊட்டுவாள். தனித்தேனீக்களில் பெரும்பாலானவை முட்டையிட்டு அறையை மூடியதோடு சரி, பிள்ளை முகத்தைப் பார்ப்பதே இல்லை. கருவண்டுத் தாய்க்கோ அந்தக் கொடுப்பினை உண்டு.

'தனித்தேனீ' என்கிறீர்கள், எங்கள் விட்டத்தில் ஐந்தாறு துளை இருக்கிறதே?

அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் அடுப்பு தனித்தனி. ராணி, வேலைக்காரத் தேனீ என்ற பிரிவு இல்லை, சேமித்த தேனடை இல்லை, பொதுவான காவல் இல்லை. பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கூடு கட்டுவதும், அம்மா விட்டுப்போன சுரங்கத்தைக் கூட்டிப் பெருக்கி மகள் குடியேறுவதும் இவற்றின் பழக்கம். பூர்வீக வீடு போல ஒரே துளை பல தலைமுறைக்குக் கைமாறும்.

'தனி' என்பதையும் ரொம்பக் கறாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில வகைகளில் தாயும் மகளும் ஒரே கூட்டில் தங்கி, ஒன்று இரை தேடப் போனால் இன்னொன்று வாசலைக் காப்பதுண்டு. காவல் என்றால் வாசலில் பின்புறத்தைத் திருப்பி அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். கதவும் அதுவே, காவலாளியும் அதுவே. காலியான கூட்டை மட்டுமல்ல, ஆளிருக்கும் கூட்டையும் இன்னொரு பெண் வந்து பறிக்கப் பார்க்கும் என்பதால் இந்த ஏற்பாடு.

ஏன் எங்கள் வீட்டையே தேடி வருகிறது? எந்த மரம் பிடிக்கும்?

காய்ந்த மரம், வண்ணம் அடிக்காத மரம், மழை நேராக விழாத மரம். மூன்றும் சேர்ந்த இடம் எது? உங்கள் தாழ்வாரம்.

காட்டில் இதன் இடம் பட்டுப்போன கிளைகளும் காய்ந்த மூங்கிலும். பச்சை மரத்தைப் பொதுவாகத் தொடாது. ஊருக்குள் பனங்கை, சவுக்குக் கம்பு, பந்தல்கால், மாட்டுக்கொட்டகைக் கழி, மாமரத்தின் காய்ந்த கொம்பு, கல்யாண முருங்கை வேலி. முருங்கை ரொம்ப இஷ்டம். மரம் அவ்வளவு மெது. தேக்கில் வண்ணமோ வார்னிஷோ பூசியிருந்தால் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

மூங்கில் விஷயம் தனி. சில வகைகள் மூங்கிலுக்குள் மட்டுமே கூடு வைக்கும். அங்கே சுரங்கம் தோண்டும் வேலையே இல்லை: கணுவுக்குக் கணு காலியாகத்தானே கிடக்கிறது! சுவரில் ஒரு துளை போட்டால் வீடு தயார்.

முன்பெல்லாம் ஊரைச் சுற்றிப் பட்ட மரம் நின்றது, உயிர்வேலி இருந்தது. இப்போது காய்ந்த கிளை கண்ணில் பட்டால் வெட்டிவிடுகிறோம், வேலி கம்பிவேலி ஆகிவிட்டது. அது உங்கள் விட்டத்துக்கு வராமல் எங்கே போகும்?

துளை போட்டது கருவண்டா, உளுவா, கரையானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

சுலபம். குண்டூசித் தலை அளவுத் துளைகள் நிறைய, தொட்டால் மாவு போலக் கொட்டுகிறது என்றால் மரம் உளுத்துவிட்டது. அது வேறு பூச்சி, நிஜமாகவே மரத்தைத் தின்பது. மண் கோடு ஏறியிருந்தால் கரையான். சுத்தமான வட்டத் துளை, கீழே சொரசொரப்பான தூள், துளைக்கு அடியில் மஞ்சள் கறை வழிந்திருக்கிறது என்றால் கருவண்டு. அந்தக் கறை அதன் எச்சமும் மகரந்தமும்.

தென்னங்குருத்தைக் குடையும் வண்டும் இதுதானே?

இல்லவே இல்லை. அது காண்டாமிருக வண்டு, முதுகில் ஓடு உள்ள அசல் வண்டு, எருக்குழியில் வளர்வது. கருவண்டு தென்னங்குருத்தைத் தொடாது.

தேன் எடுக்கலாமா?

முடியாது. அது பிடித்து வைப்பது ஒரு பிள்ளைக்கு ஒரு உருண்டை. உபரி ஏதும் இல்லை.

தோட்டத்துக்கு இதனால் என்ன லாபம்?

கத்தரிப்பூவைப் பாருங்கள். நடுவில் மஞ்சளாக நிற்கும் மகரந்தப்பை ஒவ்வொன்றின் நுனியிலும் சின்ன ஓட்டைதான் இருக்கும், உப்புக்குப்பி மாதிரி. குலுக்கினால்தான் கொட்டும். கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறகை விரிக்காமலே மார்புத் தசையை அதிரவைக்கும். 'ஙீ...' என்று ஒரு தனிச் சுருதி கேட்கும். மகரந்தம் அதன் வயிற்றில் பொழியும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. ஆவாரம்பூவும் இதே மாதிரி குலுக்க வேண்டிய பூதான்.

முருங்கைப்பூ, துவரை, சணப்பு எல்லாவற்றிலும் கருவண்டு முக்கியமான ஆள். எருக்கம்பூவின் மகரந்தம் தூளாக இல்லாமல் இரண்டு இரண்டு பொதியாக இருக்கும். அது பெரிய பூச்சியின் காலில் மாட்டிக்கொண்டால்தான் அடுத்த பூவுக்குப் போகும். அந்தச் சுமையைத் தூக்குவது பெரும்பாலும் இந்தக் கருவண்டுதான். ரோட்டோர எருக்கஞ்செடி அருகில் ஐந்து நிமிஷம் நின்றால் பார்த்துவிடலாம். பேஷன் பழத்துக்கும் இதுவே ஆதாரம். பிரேசிலில் பேஷன் பழத் தோட்டத்துக்குப் பக்கத்தில் கருவண்டு கூடுகளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

நல்லதை மட்டும் சொன்னால் நியாயமில்லை. குழாய் போல நீண்ட பூ என்றால் இது திருட்டு வேலையும் செய்யும். முன்வாசல் வழியாக நாக்கு எட்டாதபோது, பூவின் அடியில் கீறித் தேனை மட்டும் குடித்துவிட்டு மகரந்தத்தைத் தொடாமலே நழுவிவிடும்.

செத்துக் கிடந்த கருவண்டின் இடுப்பில் பேன் போல ஊர்ந்ததே, நோயா?

பயப்பட வேண்டாம், அவை உண்ணிகள், மனிதர்மேல் ஏறாது. சில வகைக் கருவண்டுப் பெண்களுக்கு, வயிற்றின் முன்பக்கம், மார்போடு சேரும் இடத்தில், இந்த உண்ணிகள் தங்குவதற்கென்றே ஒரு பை இருக்கிறது. ஆணுக்கு அந்தப் பை இல்லை. தாய் புதுக் கூடு போடும்போது குடித்தனக்காரர்களும் கூடவே வந்து இறங்குவார்கள்.

ராத்திரியில்கூடக் கருவண்டு பறக்குமா?

வீட்டில் இருக்கும் சாதாரண வகைகள் பொழுது சாய்ந்தால் கூட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் ராத்திரியில் மட்டும் பறக்கும் ஒரு வகை உண்டு, அதற்கு நம் ஊர்ப் பெயர்! சைலோகோபா டிரங்குபாரிகா. 'டிரங்குபார்' என்று டேனிஷ்காரர்கள் அழைத்த தரங்கம்பாடிதான் அது. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டென்மார்க்கின் வசம் இருந்தது. டேனிஷ் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் 1804-ல் இந்தத் தேனீயை விவரித்து அந்தப் பெயரை வைத்தார்.

பெயர் வைத்து இருநூறு வருஷம் கழித்து, ஆராய்ச்சியாளர் ஹேமா சோமநாதனும் சகாக்களும் மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் காட்டில் இதைக் கூர்ந்து கவனித்தார்கள். நிலாவே இல்லாத அமாவாசை இருட்டிலும் இது வேலைக்குப் போய்த் திரும்புகிறது. அதுமட்டுமல்ல, நட்சத்திர வெளிச்சத்தில் நிறத்தையும் பிரித்தறிகிறது என்று 2008-ல் வெளியிட்டார்கள். அந்த இருட்டில் நம் கண்ணுக்கு எல்லாமே சாம்பல் நிறம்தான். இத்தனைக்கும் அதன் கண் அமைப்பு பகல் தேனீயுடையது போன்றதே, கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தரங்கம்பாடிக்குப் போய்க் கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் யாருக்கும் இது தெரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சரி, கூரை இடிந்து விழுந்துவிடுமா?

கனமான விட்டத்தில் இரண்டு மூன்று துளை இருந்தால் ஒன்றும் ஆகாது. ஓட்டுக்கு அடியில் வரும் ஒல்லி ரீப்பர் கட்டைதான் கவனிக்க வேண்டியது. அதில் நீளவாக்கில் சுரங்கம் போனால் பலம் குறையும். ஒரே இடத்தில் பல வருஷமாக நடந்துவந்தால் ஆசாரியைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, உள்ளே புழு இருப்பது தெரிந்து மரங்கொத்தி வந்து கொத்தினால் சேதம் துளையைவிடப் பெரிதாகிவிடும்.

கொல்லாமல் தடுக்க வழி?

வண்ணம் அடியுங்கள். அதுதான் முதலும் முக்கியமுமான வழி. எண்ணெய் வண்ணம் இரண்டு கை கொடுத்தால் புதிதாகத் துளை போட வருவது வெகுவாகக் குறையும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, பூச்சிமருந்து அடிப்பது, பந்தம் கொளுத்திக் காட்டுவது எதுவும் வேண்டாம். கடைசியாகச் சொன்னதை ஓலைக்கூரைக்கு அடியில் செய்தவரை நானே பார்த்திருக்கிறேன். கருவண்டு தப்பித்துவிட்டது.

கூடவே மாற்று இடமும் கொடுங்கள். முருங்கையில் பட்டுப்போன கொம்பு இருந்தால் வெட்டாமல் விடுங்கள். இல்லாவிட்டால் கை மொத்தத்துக்குக் காய்ந்த முருங்கைக் கட்டையோ, கணுவோடு சேர்த்து வெட்டிய மூங்கிலோ நான்கைந்து எடுத்து, மழை படாத, காலை வெயில் விழும் இடத்தில், படுக்கைவாட்டில் இறுக்கிக் கட்டிவிடுங்கள். காற்றில் ஆடக் கூடாது. முதல் வருஷமே வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்கள் கட்டைக்கு இரண்டாவது பங்குனியில்தான் வந்தது.

துளையை எப்போது அடைக்கலாம்?

காலியான பிறகு. வாசலில் ஒரு துண்டுக் காகிதத்தைத் தளர்வாகச் செருகி வையுங்கள். உள்ளே தாய் இருந்தால் மறுநாளே தள்ளிவிடுவாள். அப்படியே இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். உள் அறைகளில் புழு வளர்ந்துகொண்டிருக்கலாம். இரண்டு மாதம் காகிதம் அசையாமல் இருந்தால் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே வண்ணம் அடித்துவிடலாம்.

போன வாரமே சிமென்ட் வைத்து அடைத்துவிட்டேன். இப்போது உள்ளே 'உர்ர்' என்று சத்தம் கேட்கிறது.

சித்தி, இது நீங்கள் கேட்டதுதான். திருப்புளியை எடுத்து இன்றைக்கே குத்தித் திறந்துவிடுங்கள், அந்திக்கு முன்னால். திறக்காமல் விட்டாலும் அது பக்கவாட்டில் இன்னொரு துளை போட்டு வெளியே வரப் பார்க்கும். உங்களுக்கு ஒன்றுக்கு இரண்டு ஓட்டை.

திறந்ததும் இரண்டடி தள்ளி நில்லுங்கள். முதலில் ஒரு கறுப்பு முகம் எட்டிப் பார்க்கும்.